கார்ட் வாங்க முந்தி கேசிங்கை அளந்து பாருங்க

கொஞ்சம் நீளமான பதிவு. "கிராபிக்ஸ் கார்ட் வேணும்" என்று வீட்டில் பிள்ளை நச்சரிக்கும் வாப்பாமாரும் உம்மாமாரும் பொறுமையாக வாசியுங்கள். பார்ட்ஸ் வாங்கித் தானே பூட்டும் தம்பிமார் இரண்டு தரம் வாசியுங்கள்.

ஊரில் இப்போது ஒரு புது வீண்செலவு நடக்கிறது. பெரிய விலை கொடுத்து கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை வாங்கி வருகிறார்கள். பெட்டியைப் பிரித்து, ஸ்டிக்கரை உரித்து, கேசிங்கைத் திறந்து வைத்துப் பார்த்தால் கார்ட் உள்ளே போகாது. ஒன்றில் முன்பக்கம் இடிக்கும், இல்லாவிட்டால் பக்கக் கதவை மூட ஏலாது. கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனால் "பிரிச்ச சாமான் எடுக்க மாட்டோம்" என்ற பதில். இந்த வருஷம் மட்டும் மூன்று வீடுகளில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்கிறேன். பிள்ளைகள் தாங்களே கம்பியூட்டர் பூட்டுவதை நான் குறை சொல்லவில்லை. ஒரு பிள்ளை திருப்புளியைக் கையில் எடுத்து ஒரு மெஷினைப் பூட்டி முடித்தால், நான் வகுப்பில் ஒரு தவணை முழுக்கச் சொல்லிக் கொடுப்பதை விடக் கூடுதலாகப் படித்திருக்கும். பிழை எங்கே என்றால், கார்டை நம்பரைப் பார்த்து மட்டும் வாங்குவதில். எத்தனை ஜிபி, என்ன சீரிஸ், எத்தனை ஃபேன். எத்தனை மில்லிமீற்றர் நீளம் என்று கேட்கிறவரும் இல்லை, சொல்கிறவரும் இல்லை. ஒரு அலுமாரி வாங்கப் போனால் உம்மா முதலில் கேட்பது "இது எங்கட வாசலால உள்ளுக்குப் போகுமா?" என்றுதான். அந்தக் கேள்வியை இலட்சக்கணக்கான ரூபா சாமானுக்கு யாரும் கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. ஏ.எல். முடித்துவிட்டு கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் கொடுக்கிறார். விளையாட்டுப் பிள்ளை இல்லை, அந்த வருமானத்தில்தான் தங்கச்சியின் கிளாஸ் காசு போகிறது. உம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த சல்லியில் பாவித்த ஆர்டிஎக்ஸ் 3080 ஒன்றை வாங்கினார். 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயத்தை கிராபிக்ஸ் கார்ட் வைத்து மைனிங் பண்ணும் முறை நின்றுபோனதோடு, இந்த மாதிரிப் பெரிய கார்டுகள் உலகம் முழுக்கப் பாவித்த சாமான் சந்தைக்கு வந்தன. விலையைப் பார்த்தால் ஆசை வரும்தான். கார்டின் நீளம் 320 மி.மீ. தம்பியின் கேசிங் ஹார்ட் டிஸ்க் கூடு வைத்த பழைய மாதிரி. பின்தகட்டில் இருந்து அந்தக் கூடு வரை 290 மி.மீ.தான்.

இரவு பத்து மணிக்கு கோல் எடுத்தார். "சேர், மூணு சென்ரிமீற்றர்தான் சேர் இடிக்கிது. கூட்டாளி கிரைண்டர் வச்சிரிக்கான், வெட்டட்டா?"

கிரைண்டர் பொறி என்பது சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள். அதில் ஒன்று மதர்போர்டில் இரண்டு கால்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தால், பவர் கொடுக்கும் நேரம் எல்லாம் முடிந்துவிடும். "கேசிங்குக்குள்ள இருக்கிற எல்லாத்தையும் முதல்ல வெளிய எடுங்க தம்பி, வெறும் தகரப் பெட்டி மட்டும் மிஞ்சட்டும். பிறகு பேசுவோம்" என்றேன். அடுத்த நாள் பார்த்தால் அந்தக் கூடு நாலு ரிவெட்டில்தான் நின்றது. ட்ரில் போட்டு ரிவெட்டின் தலைகளை எடுத்ததும் கூடு தனியாகக் கழன்று வந்தது. கிரைண்டருக்கு வேலையே இல்லை. விளிம்பை அரம் வைத்துத் தேய்த்து, பெட்டியை நன்றாகத் துடைத்து, ஹார்ட் டிஸ்க்கை அடியில் வேறொரு இடத்தில் வைத்துக் கட்டினோம். கார்ட் உள்ளே போய் உட்கார்ந்தது.

அதோடு கதை முடியவில்லை. அவருடைய பவர் சப்ளை 450 வாட்ஸ் என்று எழுதிய பெயர் தெரியாத ஒன்று. 3080 கார்ட் தனியாகவே 320 வாட்ஸ் இழுக்கும். அதற்கு 750 வாட்ஸ் பவர் சப்ளை போடும்படி என்விடியாவே சொல்லியிருக்கிறது. ஆக, நல்ல பவர் சப்ளை வாங்கச் சல்லி சேரும் வரை இரண்டு மாதம் அந்தக் கார்ட் அலுமாரியில் உம்மாவின் சாரிகளுக்கு இடையில் இருந்தது. சீட்டுக் காசு மட்டும் மாதாமாதம் கட்டுப்பட்டது.

இந்தக் கார்டுகள் ஏன் இவ்வளவு பெருத்துப் போயின? சூடுதான் காரணம். 2016ல் வந்த ஜிடிஎக்ஸ் 1080, என்விடியா தானே செய்து விற்ற மாதிரி, 267 மி.மீ. நீளம், 180 வாட்ஸ். 2022 ஒக்டோபரில் வந்த ஆர்டிஎக்ஸ் 4090, அதே என்விடியா செய்தது, 304 மி.மீ. நீளம், மூன்று ஸ்லொட் தடிப்பு, 450 வாட்ஸ். மற்றக் கம்பனிகள் அதே சிப்பை வைத்துச் செய்த 4090 கார்டுகள் சில 340 மி.மீ.ஐயும் தாண்டின. 450 வாட்ஸ் மின் எடுத்தால் அவ்வளவும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். அந்தச் சூட்டை இறக்குவதற்குத்தான் அவ்வளவு அலுமினியத் தகடும், செம்புக் குழாயும், மூன்று ஃபேனும். ஒரு பெரிய கார்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்கும் சர்க்கிட் போர்ட் பல நேரம் கார்டை விடக் கட்டையாகத்தான் இருக்கும். மிச்சமெல்லாம் கூலர்.

இங்கேதான் தம்பிமார் ஏமாறுகிறார்கள். மூன்று ஃபேன் என்றால் பவர் கூட என்று ஒரு நினைப்பு. ஆர்டிஎக்ஸ் 4060ஐ எடுங்கள். அது 115 வாட்ஸ் சிப். 200 மி.மீ. அளவில் இரண்டு ஃபேனோடும் அது இருக்கிறது, 280ஐயும் 300ஐயும் தாண்டி மூன்று ஃபேனோடும் இருக்கிறது. உள்ளே இருக்கும் சிப் ஒன்றுதான். வேகத்தில் உள்ள வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. பெரியது கொஞ்சம் சத்தம் குறைவாக ஓடும், கொஞ்சம் குளிராக இருக்கும், கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்க எடுப்பாக இருக்கும். அந்த எடுப்புக்குத்தான் கூடுதல் காசு. டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை ஏறியதையும், 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானதையும் பார்த்த பிறகும் அலுமினியத்துக்குக் காசு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் கேசிங்குக்கு எது போகுமோ அந்த அளவில் அதே சிப்பைத் தேடுங்கள். பெரும்பாலும் கிடைக்கும்.

இல்லை, வேலைக்குப் பெரிய கார்ட்தான் வேண்டும் என்றால் கேசிங்கை மாற்றுங்கள். கார்டோடு பார்த்தால் கேசிங் மலிவு. நாலைந்து வருஷம் பழைய தகரப் பெட்டியைக் காப்பாற்றுவதற்காக, அதைவிடப் பல மடங்கு விலையான சாமானை வளைத்து நெரித்து உள்ளே திணிப்பதில் என்ன கணக்கு இருக்கிறது?

சரி, எப்படி அளப்பது? நான் படிப்பிப்பது கணிதம். மில்லிமீற்றரை சென்ரிமீற்றருக்கு மாற்றும் கணக்கில் முழுப் புள்ளி எடுக்கும் பிள்ளை, சொந்த மேசையில் இருக்கும் பெட்டிக்கு அடிமட்டம் வைத்துப் பார்த்ததில்லை. கார்டுக்கு மூன்று அளவு இருக்கிறது. மூன்றும் வேண்டும்.

நீளம். கேசிங்கின் பின்பக்கம், கார்டின் தகடு வந்து திருகாணி போடும் இடத்தின் உட்பக்கத்தில் இருந்து, முன்னால் முதலில் எது இடிக்குமோ அது வரை. இடிப்பது தகரமாக இருக்க வேண்டியதில்லை. முன்னால் பூட்டிய ஃபேன் 25 மி.மீ. தடிப்பு. லிக்குவிட் கூலரின் ரேடியேட்டரும் அங்கேயே இருந்தால் அது இன்னும் 27 மி.மீ. கேசிங் பெட்டியில் "330 மி.மீ. கார்ட் போகும்" என்று எழுதியிருப்பது பல நேரம் முன்பக்கம் வெறுமையாக இருக்கும்போதுதான். இரண்டையும் கழித்தால் 278. அளந்த அளவுக்குள் கார்ட் சரியாக அடங்கினால் போதாது. குறைந்தது 10 மி.மீ. மிச்சம் வேண்டும், ஏனென்றால் கார்டைச் சரித்துத்தான் உள்ளே இறக்க வேண்டியிருக்கும். இடம் மட்டுமட்டு என்றால் முன் ஃபேனைக் கழற்றிவிட்டு கார்டைப் பூட்டி, பிறகு ஃபேனைப் போடுங்கள். பல கேசிங்குகளில் இந்த ஒரு மாற்றமே போதும்.

அகலம், அதாவது மதர்போர்டில் இருந்து கண்ணாடிக் கதவை நோக்கி வரும் பக்கம். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சாதாரண முழு உயரக் கார்டுக்கு இருக்க வேண்டிய அளவு 111 மி.மீ. இப்போதைய பெரிய கார்டுகள் 137, 140, 150 மி.மீ. என்று போகின்றன. அதற்கு மேல் பவர் வயர் வேறு வர வேண்டும். புதிய 16 பின் கனெக்டர் என்றால், கேபிள் கனெக்டரில் இருந்து 35 மி.மீ. வரை வளையாமல் நேராக வர வேண்டும் என்று கேபிள் செய்பவர்கள் சொல்கிறார்கள். கதவை அழுத்தி மூடி வயரை மடக்குவது சாதாரண விஷயம் இல்லை. 4090 வந்த சில கிழமைகளிலேயே கனெக்டர் உருகிய படங்கள் வெளிவரத் தொடங்கின. முழுமையாக அழுத்திப் பூட்டாததுதான் பிரதான காரணம் என்று என்விடியா சொன்னது. பிறகு கனெக்டரின் வடிவமும் திருத்தப்பட்டது. கதவு தள்ளிக்கொண்டிருக்கிற கனெக்டர் எப்படி முழுமையாக உட்கார்ந்திருக்கும்?

தடிப்பு. கேசிங்கின் பின்னால் வரிசையாக இருக்கும் ஸ்லொட்டுகளில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் 20.32 மி.மீ. "இரண்டரை ஸ்லொட்" என்று விற்கும் கார்ட் உண்மையில் மூன்றை மறைக்கும். சின்ன மதர்போர்டில் அதற்குக் கீழே முன்பக்க யுஎஸ்பி வயரும் பவர் சுவிட்ச் வயரும் பூட்டும் பின்கள் இருக்கும். ஓரத்தில் ஹார்ட் டிஸ்க் வயர் பூட்டும் இடங்கள். கார்ட் போய் அவற்றின் மேல் உட்கார்ந்தால் வயரைப் பூட்டக் கை போகாது. அந்த வயர்களை முதலில் பூட்டி, கார்டைக் கடைசியில் பூட்டுங்கள். ஃபேன்களுக்குக் கீழே காற்று வர இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்த மூன்று அளவையும் மனதில் வைத்துப் பார்ப்பது கஷ்டம். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். கடையில் பிஸ்கட் வந்த கார்ட்போர்ட் பெட்டி ஒன்றை எடுங்கள். கம்பனியின் இணையத்தளத்தில் கார்டின் நீளம், அகலம், தடிப்பு மூன்றும் போட்டிருக்கும். அந்த அளவிலேயே வெட்டி மடித்து ஒட்டி ஒரு பொய்க் கார்ட் செய்யுங்கள். கேசிங்கைத் திறந்து, ஸ்லொட்டில் வைத்துப் பாருங்கள். சரித்து இறக்க முடிகிறதா, கதவு மூடுகிறதா, பவர் வயர் வளைய இடம் இருக்கிறதா என்று கையால் பார்த்துவிடலாம். அரை மணித்தியால வேலை, செலவு கம் மட்டும்தான். எட்டாம் ஆண்டுப் பிள்ளையும் செய்யும். ஒரு பெடியன் இப்படிச் செய்து பார்த்துவிட்டு வேறு கார்ட் எடுத்தான். அவனுடைய வாப்பா இன்னும் அந்தக் கார்ட்போர்ட் துண்டை வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறார்.

பவர் சப்ளை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இது காசு விஷயம் மட்டும் இல்லை. மதர்போர்ட் ஸ்லொட்டால் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட்ஸ். 8 பின் வயர் ஒன்றுக்கு 150 வாட்ஸ். இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு 75, 150, 150, மொத்தம் 375 வரை வழி இருக்கிறது. இப்போது சந்தையில் சில நூறு ரூபாவுக்கு ஒரு அடப்டர் விற்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் வயரை 8 பின்னாக மாற்றுவது. சாட்டா கனெக்டர் ஒன்று 12 வோல்ட்டில் 54 வாட்ஸுக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டது இல்லை. அதில் 150ஐ இழுத்தால் என்ன நடக்கும் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். பிள்ளை தூங்கும் அறையில், நெட்டுக்கும் திரைச்சீலைக்கும் பக்கத்தில் இருக்கும் மெஷின் அது. உங்கள் பவர் சப்ளையில் 8 பின் வயர் இல்லையென்றால், "அந்தக் கார்ட் எனக்கு வேண்டாம்" என்று அதுவே சொல்கிறது.

மேலே ஒட்டியிருக்கும் பெரிய எழுத்தையும் நம்பாதீர்கள். பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். 12 வோல்ட் என்ற இடத்துக்குக் கீழே எத்தனை அம்பியர் என்று பார்த்து 12 ஆல் பெருக்குங்கள். 25 அம்பியர் என்றால் 300 வாட்ஸ். மேலே 500 என்று எழுதியிருந்தாலும் கார்டுக்கும் புரொசசருக்கும் சேர்த்து அவ்வளவுதான். ஏர்த் இல்லாத எக்ஸ்டென்ஷனில் இதையெல்லாம் குத்தாதீர்கள் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கதவு மூடாவிட்டால் பலர் செய்வது, கதவையே கழற்றி மூலையில் சாய்த்து வைப்பது. சிலர் மேசை ஃபேனையும் பக்கத்தில் திருப்பி வைக்கிறார்கள். எங்கட ஊர் கடலோரம். உப்புக் காற்று சைக்கிளின் ரிம்மையே விடுவதில்லை, மதர்போர்டையா விடும்? பல்லியும் எறும்பும் சூடான இடம் தேடி வரும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் மூன்று திறந்து கிடப்பது இன்னொரு பயம். இரண்டு நாளைக்குச் சமாளிக்கலாம், இரண்டு வருஷத்துக்கு இல்லை.

அலுவலகங்களில் பாவித்துக் கழித்த சின்ன பிராண்டட் கம்பியூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. படிப்புக்கு அவை நல்ல சாமான், நானும் பலருக்கு வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒடுக்கமான மாதிரிகளில் சாதாரண உயரக் கார்டே போகாது, பவர் சப்ளையும் அந்தக் கம்பனிக்கே உரிய வடிவம், மாற்றுவது கஷ்டம். அவற்றுக்கு உயரம் குறைந்த கார்டுகள் இருக்கின்றன. ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி மாதிரி 70 வாட்ஸ், தனி பவர் வயர் தேவையில்லை, அதில் உயரம் குறைந்ததும் வருகிறது. அதையும் அளந்து பார்த்தே வாங்குங்கள்.

பெரிய கார்டைப் பூட்டிய பிறகும் ஒரு கவலை இருக்கிறது. 4090 மாதிரிக் கார்டுகள் 2 கிலோவுக்கும் மேல் பாரம். அவ்வளவும் பின்னால் இரண்டு திருகாணியிலும் ஒரு பிளாஸ்டிக் ஸ்லொட்டிலும் தொங்குகிறது. நுனியில் ஒரு தாங்கி வையுங்கள், பெட்டியோடு வராவிட்டால் அளவாக வெட்டிய பலகைத் துண்டும் போதும். கொழும்பில் பூட்டிய மெஷினை இரவு பஸ்ஸில் கிழக்குக்குக் கொண்டுவருகிறவர்கள் தயவுசெய்து கார்டைக் கழற்றி அதன் சொந்தப் பெட்டியில் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். வழியில் ஒவ்வொரு குழியிலும் அந்தப் பாரம் குதிக்கும். ஸ்லொட் வெடித்தால் கார்ட் வாங்கிய காசோடு மதர்போர்ட் காசும் சேரும்.

"சேர், மகனுக்கு இது உண்மையிலேயே தேவையா?" என்று கேட்கும் வாப்பாமாருக்கு. ஏ.எல். ஐ.சி.டி. படிக்கத் தேவையில்லை. பைதன், டேட்டாபேஸ், வெப் பக்கம் செய்வது எல்லாம் புரொசசரோடு வரும் கிராபிக்ஸில் தாராளமாக ஓடும். கடையில் கொடுக்கும் இன்டெல் புரொசசரின் நம்பர் எஃப் எழுத்தில் முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, கார்ட் இல்லாமல் திரையில் படமே வராது. வீடியோ எடிட்டிங், பிளெண்டர், பெரிய முப்பரிமாண வரைபட வேலை செய்கிற பிள்ளைக்குக் கார்ட் உண்மையில் உதவும். அந்தப் பிள்ளையை "கேம் அடிக்கத்தானே" என்று ஒரே வார்த்தையில் ஏசி அனுப்பாதீர்கள். கேம் விளையாடுகிற பிள்ளையிடமும் விளையாட்டுக்கு என்று சொல்லி வாங்கும் நேர்மை இருந்தால் எனக்குப் பிரச்சினை இல்லை. எதற்கு என்று தெரிந்தால்தான் எவ்வளவு பெரிய கார்ட் என்று முடிவெடுக்கலாம்.

கடைக்கார நானாமாருக்கு ஒரு வேண்டுகோள். ஃபேஸ்புக்கில் கார்ட் விளம்பரம் போடும்போது ஜிபிக்குப் பக்கத்தில் நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் போடுங்கள். கேசிங் விளம்பரத்தில் எத்தனை மி.மீ. கார்ட் போகும் என்று போடுங்கள். விற்கும்போது "உங்கட கேசிங் என்ன?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கிற கடைக்கு நானே ஆள் அனுப்புவேன். ஏற்கெனவே அப்படி அளவு போட்டு விற்கும் கடை உங்கள் ஊரில் இருந்தால் கொமென்டில் சொல்லுங்கள், நல்லதையும் பகிர வேண்டும்.

கார்ட் வாங்க யோசித்திருப்பவர்கள் கேசிங்கின் உட்பக்கப் படம் ஒன்றையும், அடிமட்டம் வைத்து எடுத்த அளவையும், பவர் சப்ளையின் பக்க அட்டவணைப் படத்தையும் இன்பொக்ஸில் போடுங்கள். ஸ்கூல் விட்டு அஸர் தொழுகைக்குப் பிறகு பார்த்துச் சொல்கிறேன். கார்ட் வாங்கிய பிறகு போடுகிறவர்களுக்கும் சொல்வேன், அவர்களிடம் மட்டும் முதலில் ட்ரில் இருக்கிறதா என்று கேட்பேன்.